தோற்றுத் திரும்பிய பிள்ளைகளுக்காக ஒரு மைதானம்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலைகளை முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

வலய மட்ட விளையாட்டுப் போட்டிக்குப் போய்விட்டு எங்கள் பிள்ளைகள் திரும்பி வந்த நாள். பஸ்ஸில் போகும்போது பாட்டும் கைதட்டும். வரும்போது ஒரு சத்தமும் இல்லை. அடுத்த நாள் வரலாற்றுப் பாடத்தில் தரம் 9 பிள்ளை ஒருவன் எழும்பி நின்று கேட்டான்: "டீச்சர், நாங்க ஒவ்வொரு வருசமும் தோக்கத்தானா போறோம்?"

"நல்லாப் பழகினால் வெல்லலாம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் அவன் பழகாமல் போனவன் இல்லை. காலையில் மணலில் ஓடிப் பழகியவன், போட்டியன்றுதான் முதன்முதலாக ஒழுங்கான ஓடுபாதையைக் கண்டான். அதனால் அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டு, வேறொரு வரலாறு சொன்னேன். அதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். அது நம் நாட்டுக் கதை அல்ல. உலகத்தின் வடக்கு முனையில் நடந்தது.

சிறு வயதில் நாம் எல்லோரும் "எஸ்கிமோ" பற்றிப் படித்திருக்கிறோம். பனிக்கட்டி வீடு, நாய் இழுக்கும் வண்டி, தோல் உடுப்பு. அதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. எஸ்கிமோ என்பது பிறர் வைத்த பெயர். கனடாவிலும் கிரீன்லாந்திலும் வாழும் அந்த மக்கள் தங்களை இனுயிட் என்றுதான் சொல்கிறார்கள். அவர்களைவிட டெனே, குவிச்சின், சாமி, நெனெட்ஸ் என்று வேறு பல மக்களும் அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் வாழ்கிறார்கள்.

அந்த நிலம் எவ்வளவு பெரியது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கனடாவின் நுனாவுட் பிரதேசத்தை மட்டும் எடுங்கள். பரப்பளவு 20 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். நம் இலங்கையைப் போல 30 மடங்கு. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்பவர்கள் ஏறத்தாழ 37,000 பேர். நம் பக்கத்தில் ஒரு பிரதேச செயலாளர் பிரிவில் இருக்கக்கூடிய சனம், அவ்வளவுதான். 25 ஊர்கள் இருக்கின்றன. ஓர் ஊரிலிருந்து மற்ற ஊருக்குப் போக ரோட்டு இல்லை. விமானத்தில் போக வேண்டும். இல்லையென்றால் கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிவண்டி.

இப்படி ஓர் ஊரில் ஒரு பிள்ளை கூடைப்பந்து விளையாடப் பழகுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோடு போட்டி போடுவது? பக்கத்து ஊர்ப் பாடசாலை அணியோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டம் வைக்க வேண்டுமென்றால் விமானம் பிடிக்க வேண்டும்!

இப்போது 1967ஆம் ஆண்டுக்கு வருவோம். கனடா தன் 100ஆவது ஆண்டைக் கொண்டாடிய வருடம். அந்த வருடம்தான் முதலாவது கனடா குளிர்கால விளையாட்டுப் போட்டி கியூபெக் நகரத்தில் நடந்தது. விளையாட்டின் மூலம் நாட்டை ஒன்றுசேர்ப்பது என்பதுதான் நோக்கம். எல்லா மாகாணங்களும் வந்தன. வடக்கிலிருந்து யூக்கொன், வடமேற்குப் பிரதேசங்கள் ஆகிய இரண்டின் அணிகளும் வந்தன. இன்றைய நுனாவுட் அப்போது வடமேற்குப் பிரதேசங்களின் ஒரு பகுதி. 1999இல்தான் அது தனிப் பிரதேசமானது.

வடக்குப் பிள்ளைகள் மோசமாகத் தோற்றார்கள். தெற்கில் உள்ளக விளையாட்டரங்குகளிலும் செயற்கைப் பனித்தளங்களிலும் நல்ல பயிற்சியாளர்களிடம் பழகிய அணிகளின் முன்னால் அவர்களால் நின்றுபிடிக்க முடியவில்லை.

திறமை இல்லாததால்தான் தோற்றார்கள் என்று நினைத்தால் அது தவறு. அதற்கும் ஓர் உதாரணம் அதே வடக்கில் இருக்கிறது. இனுவிக் என்றொரு சிறிய நகரம். நம்மில் சிலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010இல் வின்னிபெக் நகரில் ஒரு சிறிய பள்ளிவாசலைக் கட்டி, ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் தூரம் லொறியிலும் ஆற்றுப் படகிலும் ஏற்றிக்கொண்டுபோய் வைத்தார்களே, அந்த ஊர்தான். 1960களில் அங்கே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் வடக்குப் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு ஓட்டம் பழக்கும் திட்டத்தை ஆரம்பித்தார். அந்தத் திட்டத்தில் பழகிய ஷரன் ஃபர்த், ஷேர்லி ஃபர்த் என்ற குவிச்சின் இனத்து இரட்டைச் சகோதரிகள் 1972, 1976, 1980, 1984 ஆகிய நான்கு குளிர்கால ஒலிம்பிக்கிலும் கனடாவுக்காக ஓடினார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பயிற்சி கிடைத்ததும் என்ன நடந்தது என்று பாருங்கள்.

கியூபெக் தோல்விக்குப் பிறகு என்ன செய்திருக்கலாம்? "இவர்களுக்குச் சரிவராது" என்று அணியை அனுப்பாமல் விட்டிருக்கலாம். "இன்னும் கடுமையாகப் பழகுங்கள்" என்று அறிவுரை சொல்லியிருக்கலாம். யூக்கொன் அணியோடு நிதி ஆலோசகராகப் போயிருந்த ஒருவர் வேறொன்றை யோசித்தார். வடக்குப் பிள்ளைகள் வடக்குப் பிள்ளைகளோடு, வடக்கு மண்ணிலேயே போட்டி போட்டால் என்ன?

அந்த யோசனையை மூன்று பேர் கையில் எடுத்தார்கள். யூக்கொன் ஆணையாளர் ஜேம்ஸ் ஸ்மித், வடமேற்குப் பிரதேசங்களின் ஆணையாளர் ஸ்டுவர்ட் ஹொட்ஜ்சன், அமெரிக்காவின் அலாஸ்கா மாநில ஆளுநர் வோல்டர் ஹிக்கல். இந்த மூவரின் முயற்சியில் உருவானதுதான் ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டி. 1970இல் யெலோநைஃப் நகரத்தில் முதலாவது போட்டி நடந்தது. யூக்கொன், வடமேற்குப் பிரதேசங்கள், அலாஸ்கா ஆகியவற்றிலிருந்து வீரர்கள், பயிற்சியாளர்கள், உத்தியோகத்தர்கள் எல்லோருமாக ஏறத்தாழ 500 பேர் கூடினார்கள்.

யெலோநைஃப் அந்தப் பிரதேசத்தின் தலைநகரமாகி அப்போது மூன்று வருடங்கள்கூட ஆகவில்லை. 1967 வரைக்கும் அந்தப் பெரிய நிலத்தை ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் ஒட்டாவாவில் இருந்துகொண்டுதான் ஆட்சி செய்தார்கள். நிர்வாகத்தை வடக்குக்கே கொண்டுவந்தவரும் இதே ஹொட்ஜ்சன்தான். ஆட்சியும் வடக்குக்கு வந்தது, விளையாட்டும் வந்தது.

கதையை இதோடு முடித்தால் எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் வரலாறு படிப்பிக்கிறவள் என்ற முறையில் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

மைதானம் வடக்குக்கு வந்தது. விளையாட்டுகள்? ஐஸ் ஹொக்கி, கூடைப்பந்து, பூப்பந்து என்று பெரும்பாலும் தெற்கின் விளையாட்டுகள்தான். இனுயிட் மக்களின் சொந்த விளையாட்டுகள் ஆரம்பத்தில் பார்வையாளர்களுக்குக் காட்டும் ஒரு கலாசார நிகழ்ச்சியாகத்தான் இருந்தன. போட்டியை உருவாக்கிய மூன்று தலைவர்களும் அந்த மண்ணின் ஆதிக்குடிகள் அல்லர் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனதோடு செய்தார்கள். ஆனால் எது விளையாட்டு, எது வேடிக்கை என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இன்னும் வேறொரு கையில்தான் இருந்தது.

அந்த மக்கள் பேசாமல் இருக்கவில்லை. அதே 1970ஆம் ஆண்டிலேயே இனுவிக்கில் "வடக்கு விளையாட்டுகள்" என்ற இன்னொரு விழாவை ஆரம்பித்தார்கள். அங்கே அவர்களுடைய சொந்த விளையாட்டுகள்தான் முதன்மை. பெண்களுக்கென்று தனிப் போட்டியும் இருந்தது. அதில் தேநீர் கொதிக்கவைப்பது, ரொட்டி சுடுவது, சீல் என்ற கடல்நாயின் தோலை உரிப்பது எல்லாம் போட்டிகள். சிரிப்பு வருகிறதா? சுழன்றடிக்கும் பனிக்காற்றில் வெளியே நெருப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்கவைக்கத் தெரியாவிட்டால் அங்கே உயிர் பிழைக்க முடியாது. அவர்களுக்கு அது நம் 100 மீற்றர் ஓட்டத்தைவிடப் பெரிய திறமை.

1970களின் பிற்பகுதியில் அந்த விழாவுக்குக் கனடா மத்திய அரசின் விளையாட்டுப் பிரிவு கொடுத்துவந்த நிதி நிறுத்தப்பட்டது. காரணம், அது விளையாட்டு அல்ல, கலாசாரம் என்பது. ஒரே ஒரு சொல்லை மாற்றியதும் காசு நின்றுவிட்டது. இந்த இடத்தில் வகுப்பில் ஒரு பிள்ளை, "யார் டீச்சர் அதைச் சொல்ற?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அந்தப் பாடம் நடந்தது என்று எனக்குத் தோன்றியது.

ஆனாலும் கதவு மெல்ல மெல்லத் திறந்தது. 1970களிலேயே இனுயிட் விளையாட்டுகள் ஆர்க்டிக் போட்டியில் பதக்கத்துக்குரிய போட்டிகளாகச் சேர்க்கப்பட்டன. 1990இல் டெனே மக்களின் விளையாட்டுகளும் சேர்ந்தன. இன்று அந்தப் போட்டிக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க ஓடுவது ஹொக்கியை அல்ல, இவற்றைத்தான்.

சிலவற்றைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

ஒற்றைக்கால் உயர உதை: மேலே ஒரு சிறு பந்து கயிற்றில் தொங்கும். பாய்ந்து ஒரு காலால் அதை உதைத்துவிட்டு, உதைத்த அதே காலில் தரையில் இறங்க வேண்டும். பந்து வீரனின் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கும். இரட்டைக்கால் உதையில் இரண்டு கால்களும் சேர்ந்தே பந்தைத் தொட வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும். திமிங்கிலம் பிடிபட்டதும் கடற்கரையிலிருந்து ஓடிவருபவன், ஊர் கண்ணில் பட்டவுடன் இப்படிப் பாய்ந்து உதைத்துத் தூரத்திலிருந்தே சேதி சொல்வானாம். சத்தம் கேட்காத தூரம், ஆனால் வெள்ளைப் பனியில் ஆள் தெரியும்.

முட்டித் தாவல்: கைவிரல் முட்டிகளையும் கால்விரல்களையும் மட்டும் தரையில் ஊன்றி, உடம்பைப் பலகைபோல வைத்துக்கொண்டு தாவித் தாவி முன்னேற வேண்டும். கடல்நாய் பனிக்கட்டியில் அசைவதுபோல. எவ்வளவு தூரம் வலியைத் தாங்குகிறாய் என்பதுதான் போட்டி.

தலை இழுப்பு: இருவர் முகத்துக்கு முகம் குப்புறப் படுத்து, ஒரே தோல் பட்டியை இருவரின் தலையைச் சுற்றியும் போட்டு இழுக்க வேண்டும்.

டெனே மக்களின் தடி இழுப்பு: இரு முனையும் மெலிந்த ஒரு சிறு தடியில் கொழுப்புப் பூசியிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். வழுக்கும் மீனை வாலில் பிடித்துத் தண்ணீரிலிருந்து எடுக்கும் கைப்பிடி அது. நம் கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை.

பாருங்கள், ஒவ்வொரு விளையாட்டுக்குப் பின்னாலும் ஒரு பிழைப்பு இருக்கிறது. மீன், வேட்டை, குளிர், பசி. தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. புத்தகம் இல்லாத பாடம்.

பாடம் என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஆசிரியராக இருந்துகொண்டு இதை எழுதுவது கஷ்டம்தான்.

இந்த விளையாட்டுகள் மறந்துபோகும் நிலைக்கு வந்ததற்குப் பாடசாலையும் ஒரு காரணம். கனடாவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பாடசாலைகளில் வைத்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பிள்ளைகள். பல இடங்களில் தாய்மொழி பேசினால் தண்டனை. கொடுமைகளும் மரணங்களும் நடந்தன. கடைசி விடுதிகள் மூடப்பட்டது 1990களில்தான். 2008 ஜூன் மாதம் கனடாப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதன் பின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு பல்லாயிரம் பேரின் சாட்சியங்களைக் கேட்டு 2015இல் தன் அறிக்கையை முடித்தது. நான் முன்பு சொன்ன இனுவிக்கிலும் 1959இலிருந்து பெரிய விடுதிகள் இருந்தன. வேட்டைக்குப் போகும் தகப்பனைக் காணாமல் வளர்ந்த பிள்ளைக்குத் தடி இழுப்பை யார் சொல்லிக் கொடுப்பது?

இப்போது இதையும் கேளுங்கள். ஆர்க்டிக் போட்டி நடக்கும் ஒரு கிழமைக்கு, அதை நடத்தும் நகரத்தின் பாடசாலைகள்தான் வீரர்கள் தங்கும் இடம். மேசை கதிரைகளை ஒதுக்கிவிட்டு வகுப்பறைகளில் கட்டில் போடுகிறார்கள். அலாஸ்காப் பிள்ளையும் கிரீன்லாந்துப் பிள்ளையும் ஒரே கட்டடத்தில் தூங்கி எழும்புகிறார்கள். முன்பொரு காலத்தில் மொழியையும் விளையாட்டையும் பிள்ளைகளிடமிருந்து பறித்த பாடசாலை, இன்று அதே விளையாட்டுக்காக வருகிற பிள்ளைகளுக்குப் படுக்க இடம் கொடுக்கிறது. நடந்ததை இது அழிக்காது. ஆனாலும் வாசித்தபோது மனசு கொஞ்சம் லேசானது.

பதக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே வட்டமான பதக்கம் கிடையாது. தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் "உலு" வடிவத்தில் இருக்கும். உலு என்பது இனுயிட் பெண்களின் கத்தி. அரைவட்ட அலகு, நடுவில் பிடி. இறைச்சி வெட்ட, தோல் உரிக்க, உடுப்புத் தைக்கத் தோலை வெட்ட எல்லாம் அதுதான். குசினியில் உம்மா பாவிக்கும் கத்தியைத்தான் வென்ற பிள்ளையின் கழுத்தில் போடுகிறார்கள் என்று வகுப்பில் சொன்னபோது பெண் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

ஹொட்ஜ்சனின் பெயரில் ஒரு கிண்ணமும் இருக்கிறது. அதிகப் பதக்கம் எடுத்த அணிக்கு அல்ல, நேர்மையாகவும் நல்ல குணத்தோடும் விளையாடிய அணிக்கு. உயர உதைப் போட்டியில் தோற்றவன் நின்று, அடுத்ததாகப் பாயப்போகிற எதிரணிக்காரனுக்கு "காலை இன்னும் கொஞ்சம் முன்னால் எடு" என்று சொல்லிக் கொடுப்பது அங்கே சாதாரணம். பந்தை எட்டினால் எல்லோரும் கைதட்டுவார்கள். வேட்டையில் ஒருவன் தோற்றால் ஊரே பட்டினி கிடந்த காலத்தின் பழக்கம் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

காலப்போக்கில் போட்டி வளர்ந்தது. வடக்கு அல்பேர்ட்டா, கியூபெக்கின் நுனாவிக், கிரீன்லாந்து, ரஷ்யாவின் யமால், நோர்வே முதல் ரஷ்யா வரை பரந்து வாழும் சாமி மக்களின் அணி என்று பலரும் சேர்ந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் மார்ச் மாதத்தில், ஒரு கிழமை. 500 பேரில் ஆரம்பித்தது, 2,000 பேர் அளவுக்கு வந்தது. 2002இல் கிரீன்லாந்தின் நூக் நகரமும் நுனாவுட்டின் இக்காலுயிட் நகரமும் சேர்ந்து நடத்தின. இடையில் ஒரு கடல், இரண்டு நாடுகள். 2016இல் நூக்கில் நடந்தபோதும் அங்கே ஹொக்கிக்குரிய உள்ளகப் பனித்தளம் இல்லாததால், ஹொக்கியை மட்டும் கடலுக்கு அப்பால் இக்காலுயிட்டில் வைத்தார்கள். வசதி இல்லை என்று போட்டியை விடவில்லை.

அடிகளும் விழுந்தன. 2020இல் வைட்ஹோர்ஸில் 50ஆவது ஆண்டுப் போட்டி. எல்லாம் தயார். ஆரம்பமாவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது கொவிட் காரணமாக இரத்துச் செய்யப்பட்டது. வயது எல்லை இருப்பதால் அந்த வருடத்துப் பிள்ளைகளில் பலருக்கு அடுத்த தடவை என்று ஒன்று இருக்கவில்லை. அடுத்த போட்டி 2023இல்தான் நடந்தது. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவின் யமால் அணியும் இல்லை. பெரியவர்களின் சண்டையில் கலைமான் மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளைக்கும் கதவு மூடியது.

இன்னொரு விசயம். வடக்குப் பிள்ளைகள் தங்களுக்கென்று மைதானம் அமைத்ததால் தெற்கின் போட்டிகளை விட்டுவிடவில்லை. கனடா விளையாட்டுப் போட்டிக்கு இன்றும் அணி அனுப்புகிறார்கள். சில வேளை வெல்கிறார்கள், அடிக்கடி தோற்கிறார்கள். ஆனால் இப்போது தோல்வியோடு வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு, தான் வெல்லக்கூடிய இன்னொரு மைதானம் இருப்பது தெரியும்.

என் தரம் 9 பிள்ளைக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். தோற்றது உண்மை மகன், அதை மறைக்க வேண்டாம். அடுத்த வருடமும் போவோம், நல்லாப் பழகிக்கொண்டு போவோம். ஆனால் அந்த ஒரு ஓடுபாதை உன்னை முழுசாக அளந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதே.

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நம்மட விளையாட்டு என்ன டீச்சர்?" என்று கேட்டான்.

எனக்கு கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் வாயில் வந்தன. அதற்கு மேல் வரவில்லை. வெட்கமாக இருந்தது. நம் வாப்பாமாரும் மூத்தவாப்பாமாரும் கடற்கரையிலும் வயலிலும் வாய்க்காலிலும் இன்னும் என்னவெல்லாம் விளையாடியிருப்பார்கள்? உம்மாமார் என்ன விளையாடினார்கள்?

ஊரின் மூத்தவர்கள் இந்தப் பதிவைக் கண்டால் கீழே எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் வீட்டில் இருக்கிற பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். விளையாட்டின் பெயர், எப்படி விளையாடுவது, எத்தனை பேர், தோற்றவனுக்கு என்ன தண்டனை, எல்லாம் வேண்டும். வருகிற இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒன்றிரண்டையாவது சேர்க்க முடியுமா என்று அதிபரிடம் கேட்கப் போகிறேன். இடைவேளையில் வேடிக்கை காட்ட அல்ல, இல்லங்களுக்குப் புள்ளி கிடைக்கும் போட்டியாக.